காணாமல் போன இருநூற்றுப் பன்னிரண்டு திட்டுகள்

"என் பொண்டாட்டி என்னைத் திட்டினதெல்லாம் காணோம் மேடம்," என்றார் வந்தவர்.

மேடம் நகவெட்டியை மேசைமேல் வைத்தார். எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு நகை காணோம் என்று வந்திருக்கிறார்கள், நாய் காணோம் என்று வந்திருக்கிறார்கள், மாப்பிள்ளை காணோம் என்றுகூட ஒரு குடும்பமே வந்து அழுதிருக்கிறது. திட்டு காணோம் என்று வந்தவர் இவர்தான் முதல்.

"நல்ல சமாசாரம்தானே சார்? ஸ்வீட்டோட வந்திருக்கலாமே," என்றேன்.

"ஜெராக்ஸ், கொஞ்சம் வாயை மூடு."

ஜெராக்ஸ் என்பது நான்தான். துப்பறிய வருமுன் பதினாறு வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் இன்னொன்று எடுத்து வைக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கும். கடை போய்விட்டது. துறுதுறுப்பும் பெயரும் போகவில்லை.

வந்தவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"கீழ லிஃப்ட் இருக்கே சார்?"

"ஆறு வருஷம் முன்னாடி ஒண்ணுல ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டேன் தம்பி. அன்னிலேர்ந்து ரிப்பேர் பண்ணுவேன், ஏற மாட்டேன்."

பிறகு கதையைச் சொன்னார். வேலை நேரத்தில் மனைவி போன் செய்து திட்டுவார். கையெல்லாம் கிரீஸ். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'ம்ம், ம்ம்' என்று சொல்லிக்கொண்டே இவர் போல்ட்டை முடுக்குவார். போன் தானாகவே எல்லாவற்றையும் பதிவு செய்யும்; சில நாள் அவர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அந்த அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். வாரம் தவறாமல் அதையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவார். ஒன்பது வருடத்தில் சேர்ந்தது இருநூற்றுப் பன்னிரண்டு.

"அப்புறமா உட்கார்ந்து கேட்கறதுக்கா?" என்றார் மேடம்.

"சேச்சே! சாட்சிக்கு மேடம். ஒரு நாள் பெருசா சண்டை வரும், அன்னிக்கு எடுத்து முன்னால வெக்கலாம்னு. ஒண்ணுகூடக் கேட்டதில்ல."

"இப்ப அந்தச் சண்டை வந்திருச்சாக்கும்," என்றேன்.

அவர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நெடுநேரம் ஆனது. "நாலு மாசம் முன்னாடி அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன். உயிர் பிழைச்சா. குரல் போயிடுச்சு. இனிமே வராதுன்னு சொல்லிட்டாங்க."

அடுத்துச் சொல்ல ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். அதை அப்படியே விழுங்கினேன்.

"வீட்டுல அப்படி ஒரு அமைதி. எனக்குத் தூக்கமே வரல. முந்தாநாள், ஒரே ஒரு திட்டாவது கேட்போமேன்னு கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபோல்டரே இல்ல மேடம்."

"நகல்?" என்றேன்.

"என்ன நகல்?"

"இன்னொரு காப்பி சார். பென் டிரைவ்ல, ஹார்ட் டிஸ்க்ல, சொந்தக்காரங்க வீட்டுல..."

"கம்ப்யூட்டர்லதான் பத்திரமா இருந்துச்சே. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "சார், ஒரு லிஃப்ட்டுக்கு எத்தனை கம்பிக்கயிறு?"

"சின்னதுன்னா நாலு. பெருசுன்னா ஆறு."

"ஒண்ணுதான் தாங்குதே. மிச்சம் எதுக்கு?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "அடடா," என்றார்.

"வீட்டுல அவங்களைக் கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"ஐயோ! ஒன்பது வருஷமா திட்டைச் சேர்த்து வெச்சேன்னு தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன சார், திட்டவா முடியும்?" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அசிங்கம் எனக்கே உறைத்தது. மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

"அதான் தம்பி எனக்குப் பயமே," என்றார் அவர்.

"வீட்டுல யாரும் திறந்துடாம இருக்க, ஃபோல்டருக்கு ஏதாவது பேர் வெச்சிருப்பீங்களே?"

அவர் முகத்தில் முதல்முறையாகப் பெருமை வந்தது. "'லிஃப்ட் அறிவிப்புகள், கம்பெனி சொத்து, திறக்கக் கூடாது.' இப்படி வெச்சா எவன் திறப்பான்?"

மேடம் நகவெட்டியை எடுத்து இடது கட்டைவிரல் நகத்தை வெட்டினார். கேஸ் நகர ஆரம்பித்தால்தான் அவர் நகம் வெட்டுவார். இதுவரை எந்தக் கேசும் பத்து விரலைத் தாண்டியதில்லை.

*

கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த அம்மாளின் கழுத்தில் கயிறு கட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பேனாவை எடுத்து எழுதிக் காட்டினார்.

'வந்தவர்கள் சர்வீஸ் ஆட்கள் அல்ல. கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை. காரணம் தெரிவிக்கவும்.'

தந்தி வந்தது போலிருந்தது. மெக்கானிக் அசடு வழிந்தார். "எனக்குத் தெரிஞ்சவங்கதாம்மா. சும்மா கம்ப்யூட்டரைப் பார்க்கலாம்னு."

அம்மாள் அவர் முகத்துக்கு நேரே நோட்டை நீட்டினார். பக்கத்தின் வலது ஓரத்தில் கோடு போட்டு ஒரு சின்னக் கட்டம் விட்டிருந்தது. மெக்கானிக் எங்களைப் பார்த்தபடியே பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மேடத்தின் கண் அந்த டிக்கின் மேல் ஒரு நொடி நின்றது.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மரியாதைக்குத்தான். ஜெராக்ஸ் கடையில் ஆயிரம் பேருடைய கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் துவைக்காத துணிக்கூடை மாதிரி இருக்கும். இது வேறு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் வருடம், அதற்குள் மாதம். சுவரில் ஒரு அட்டவணை: 'புகைப்படங்கள்: ஒன்று இங்கே, ஒன்று அலமாரி டிஸ்கில், ஒன்று மகள் வீட்டில். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சரிபார்க்கவும்.'

"இதை யாரு சார் பண்ணினது?"

"அவதான். 'இடம் இல்லை, இடம் இல்லை'ன்னு கம்ப்யூட்டர் கத்திக்கிட்டே கிடந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவளால சும்மா உட்கார முடியல. ரெண்டு மாசம் முன்னாடி மொத்தத்தையும் பிரிச்சு அடுக்கிட்டா."

"இதை ஏன் சார் எங்ககிட்ட முதல்லயே சொல்லல?"

"நீங்க கேட்கலையே தம்பி."

அழித்ததை மீட்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். குப்பைத்தொட்டி காலி. திட்டுகள் இருந்த இடத்தில் பேரனுக்கு முதல் பல் முளைத்த போட்டோக்கள் நூற்று நாற்பது உட்கார்ந்திருந்தன. அத்தனையும் ஒரே பல்.

"திருடன் வேலையா இருக்குமோ மேடம்?" என்று கிசுகிசுத்தேன்.

"வீட்டுப் பத்திரம், போட்டோ எல்லாத்தையும் விட்டுட்டு, லிஃப்ட் அறிவிப்பை மட்டும் தூக்கிட்டுப் போற திருடன் யாரு?"

"இன்னொரு லிஃப்ட்."

மேடம் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்புக் காகிதச் சுருள், சணல் நூல், அரக்குக் கட்டி ஒன்று. பக்கத்தில் ஐந்து பென் டிரைவ் வரும் அட்டைப்பெட்டி. உள்ளே நான்கு. மேடம் இரண்டாவது நகத்தை வெட்டினார்.

"நீங்க தபாலாபீஸ்ல இருந்தீங்களாம்மா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டார்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. 'பிரிப்பாளர். முப்பத்தோரு ஆண்டு. தவறு பூஜ்யம்.'

"வேற யாரோ பேர் போட்ட கடிதம் உங்க வீட்டுக்குள்ள கிடந்தா என்ன பண்ணுவீங்க?"

'திறக்க மாட்டேன். நகல் எடுக்க மாட்டேன். உரியவரிடம் சேர்ப்பேன்.' இதென்ன கேள்வி என்பது போல ஒரு பார்வையும் சேர்ந்து வந்தது.

"அந்த நோட்டைக் கொஞ்சம் தாங்கம்மா. ரெண்டு மாசத்துக்கு முந்தின பக்கம்."

மேடம் புரட்டினார். மூன்றாவது நகம், நான்காவது நகம். பிறகு பக்கத்தை மெக்கானிக்கின் முன்னால் விரித்து வைத்தார்.

'கம்ப்யூட்டரில் கம்பெனிக்குச் சொந்தமான ஃபோல்டர் ஒன்று உள்ளது. நாம் வைத்திருப்பது முறையல்ல. பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழிக்கிறேன். சம்மதமா.'

எதிரே, கட்டத்தில், நீல மையில் ஒரு டிக்.

"இது யாரோட டிக் சார்?"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். "என்... என்னோடதுதான்."

"குற்றவாளி பிடிபட்டாச்சு மேடம்," என்றேன். "நம்ம கட்சிக்காரர்தான். கையெழுத்தோட."

அம்மாள் பேனாவால் நோட்டை இரண்டு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டலிலேயே பாதித் திட்டு இருந்தது. 'அதில் என்ன இருந்தது.'

வேறு வழியில்லாமல் மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

'என் குரலா.'

"ஆமாம்மா."

'எதற்கு.'

"சாட்சிக்குன்னு..."

'யாருக்கு எதிராக.'

மெக்கானிக் கர்சீப்பைத் தேடினார். அம்மாள் பக்கத்தைப் புரட்டினார். பிறகு ஒரே ஒரு வரி எழுதினார். 'ஒன்றாவது கேட்டதுண்டா.'

மெக்கானிக் இல்லை என்று தலையசைத்தார். எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. அம்மாள் நோட்டை மூடினார், பெட்டியிலிருந்து புதிய பென் டிரைவ் மூன்றை எடுத்துப் பையில் போட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினார்.

*

லிஃப்ட் கம்பெனியின் பட்டறை மேனேஜர் எங்களை இரண்டு கையும் நீட்டி வரவேற்றார். "அரக்கு சீல் வெச்சு வந்த பார்சல்தானே? மறக்க முடியுமா?"

"அந்த பென் டிரைவ் எங்க சார்?" என்றேன்.

"அதை அழிச்சுட்டு என் மச்சினி டான்ஸ் கிளாஸ் பாட்டெல்லாம் ஏத்திக் கொடுத்துட்டேனே."

மெக்கானிக் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஆனா உள்ள இருந்தது பத்திரம்," என்றார் மேனேஜர். "'லிஃப்ட் அறிவிப்புகள்'னு எழுதியிருந்துச்சு. சரி, சார் ரிடையர் ஆனாலும் கம்பெனி மேல பாசத்துல ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருக்காருன்னு நெனைச்சோம். பெரிய ஆபீஸ் கட்டடத்துல ஒரு லிஃப்ட்ல போட்டுட்டோம்."

மேடம் ஐந்தாவது நகத்தை வெட்டினார்.

"எதைப் போட்டீங்க?" என்றார் மேடம், மெல்ல.

"எல்லாத்தையும். எங்க டெக்னீஷியன் ஒருத்தர் பொறுமையா இருநூத்திப் பன்னெண்டையும் கேட்டு, எது எதுக்குப் பொருந்துதோ அதுக்கு அதை வெச்சார். பாவம், இப்பல்லாம் அவரும் வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போயிடறார்."

"அப்ப அந்த லிஃப்ட்டுக்குள்ள இருக்கறதுதான் உலகத்துலயே ஒரே காப்பி," என்றேன்.

"ஆமா. ஆனா சீக்கிரம் போங்க. சாயந்திரம் நாலு மணிக்கு அந்தப் பேசற பெட்டியக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டறாங்க. வேலை செய்யறவன் போனை எடுக்க மாட்டான். அஞ்சாவது மாடி ஆபீசர் ஒருத்தர் புகார் கொடுத்துட்டார். கதவு திறந்ததும் 'இதான் வர்ற நேரமா'ன்னு கேட்டுடுச்சாம். அவருக்குக் கீழ வேலை செய்யறவங்க பன்னெண்டு பேர் முன்னாடி."

மணி மூன்று இருபத்தைந்து.

*

கட்டடத்தை அடைந்தபோது நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பேசும் பெட்டி பதினோராவது மாடிக்கு மேலே, மோட்டார் அறையில். மெக்கானிக் படிக்கட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், லிஃப்ட்டைப் பார்த்தார். கால் நகரவில்லை. அம்மாள் முதலில் லிஃப்ட்டுக்குள் ஏறித் திரும்பி நின்றார். நானும் மேடமும் ஏறினோம்.

அப்போது கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல கணீர்க் குரல்.

"ஏங்க, எவ்வளவு நேரம் வாசல்லயே நிப்பீங்க? உள்ள வாங்க!"

மெக்கானிக் ஒரே எட்டில் உள்ளே வந்துவிட்டார். யோசித்துச் செய்த காரியமில்லை, நாற்பது வருடப் பழக்கம்.

அவர் பின்னாலேயே ஆபீஸ்காரர்கள் ஏழெட்டுப் பேர் திபுதிபுவென்று ஏறினார்கள்.

"ஒரே ஸ்கூட்டர்ல எத்தனை பேரை ஏத்துவீங்க? முதல்ல ஒருத்தரை இறக்கி விடுங்க!"

மூன்று பேர் இறங்கினார்கள். "அக்கா இன்னிக்குக் கொஞ்சம் சூடா இருக்காங்க," என்று ஒரு குமாஸ்தா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"கதவைச் சாத்துங்க, கொசு வருது!"

கதவு மூடியது. நான் அம்மாளைப் பார்த்தேன். ஒரு கை தொண்டையில் இருந்தது. தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பதறிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வர.

ஏழாவது மாடியில் எங்களைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள். எட்டாவதை நெருங்கும்போது ஒரு குலுக்கல். விளக்கு அணைந்து, மங்கலாக இன்னொன்று எரிந்தது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது.

மெக்கானிக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "மாட்டிக்கிட்டோம்," என்றார். "மறுபடியும் மாட்டிக்கிட்டேன்."

அதே குரல் மறுபடி வந்தது. ஆனால் இதில் கோபமில்லை.

"பயப்படாதீங்க. நான் போனை வெக்கல. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. ஆள் வந்துக்கிட்டிருக்காங்க. நான் இருக்கேன்ல, எங்க போயிடப் போறேன்?"

மெக்கானிக் தலையைத் தூக்கினார். "இது... ஆறு வருஷம் முன்னாடி மாட்டிக்கிட்டேனே, அன்னிக்குப் பேசினது. ஒரு மணி நேரமும் போனை வெக்காம பேசினா." மறுபடி கூரையைப் பார்த்தார். "இதையும் திட்டுன்னு நெனைச்சே உள்ள போட்டு வெச்சிருக்கேன் மேடம். இருநூத்திப் பன்னெண்டும் திட்டுன்னே நெனைச்சுட்டேன்."

அம்மாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலாக இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. மேல எவனோ சீக்கிரமே கரண்டை நிறுத்திட்டுக் கழட்ட ஆரம்பிச்சுட்டான்."

அவ்வளவுதான். மெக்கானிக் எழுந்தார். அவசரப் போனைப் பிடுங்கி எடுத்தார். "மேல யாருய்யா அது? எத்தனை தடவ சொல்றது, உள்ள ஆள் இருக்கான்னு பார்த்துட்டுக் கரண்டை நிறுத்துன்னு! கழட்டின ஸ்க்ரூவை அப்படியே கீழ வை! அந்தப் பெட்டியில கை வெச்சே, தொலைச்சுடுவேன்! காதுல விழுந்துச்சா?"

போனில் ஒரு பயந்த குரல் 'ம்ம்' என்றது.

"ம்ம்னா என்னய்யா அர்த்தம்?"

அம்மாள் கணவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். தன் திட்டை அவர் அட்சரம் பிசகாமல் கற்று வைத்திருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

*

மோட்டார் அறையில் பெட்டியின் நான்கு திருகுகளில் மூன்று கழன்றிருந்தன. மெமரி கார்டை எடுத்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்தவனின் லேப்டாப்பில் போட்டு எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு, ஒன்றும் குறையவில்லை. முதல் பென் டிரைவில் ஏற்றினேன். இரண்டாவதில் ஏற்றினேன். மூன்றாவதை யாரும் கேட்காமலே ஏற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். மேடம் அதை வாங்கி அம்மாளிடம் கொடுத்தார். கேஸ் ஆறாவது விரலில் முடிந்தது.

அம்மாள் நோட்டைத் திறந்து எழுதினார். 'வீட்டில் ஒன்று. அலமாரியில் ஒன்று. மகளிடம் ஒன்று. லிஃப்டில் இருப்பதை எடுக்க வேண்டாம். சம்மதமா.'

"அந்த அஞ்சாவது மாடி ஆபீசர்?" என்றேன்.

'அவருக்குப் படிக்கட்டு உண்டு.'

நோட்டை மெக்கானிக்கிடம் நீட்டினார். அவர் பேனாவை வாங்கினார். கை பழக்கத்தில் கட்டத்துக்குப் போனது, நடுவில் நின்றது. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உதடு அசைய ஒருமுறை படித்தார். முதலிலிருந்து இன்னொருமுறை படித்தார். பிறகுதான் டிக் போட்டார்.

இறங்கும்போது படிக்கட்டுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. லிஃப்ட்டில் அம்மாளின் பையைத் தான் வாங்கிக்கொண்டு நின்றார். தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது.

"சும்மா ம்ம், ம்ம்னுக்கிட்டே இருக்கீங்களே, நான் சொன்னது ஒண்ணாவது காதுல விழுந்துச்சா?" என்றது கூரை.

மெக்கானிக் கூரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார்.

"விழுந்துச்சும்மா," என்றார்.